தீப்பிடிக்காத வால்

சாமளாபுரத்துத் தறிக்காரர் ஒருவர் என் முன்னால் வந்து நின்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். இரண்டு கைகளையும் கூப்பி, மிகவும் பணிவாகக் கேட்டார்.

"சாமிக்குப் பீடி, சிகரெட்டுப் பழக்கம் ஏதாச்சும் உண்டுங்களா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். என் முகத்தில் அனுமார் முகமூடி கட்டியிருந்தது. அது மரத்தில் செய்தது, என் தலையைவிடப் பெரியது. நான் ஒரு தரம் ஆட்டினால் அது தானாக இன்னொரு தரம் ஆடி நிற்கும்.

"வெத்தல பாக்குங்க?"

மறுபடியும் ஆட்டினேன்.

"சீட்டாட்டம்?"

இதற்குக் கொஞ்சம் வேகமாக ஆட்டிவிட்டேன். முகமூடியின் தாடை என் கழுத்தெலும்பில் இடித்தது.

அவருக்கு மனம் நிறைந்துவிட்டது தெரிந்தது. ஆனாலும் போகவில்லை. தயங்கித் தயங்கி, அவர் அத்தனை தூரம் பஸ் ஏறி வந்ததே எதற்காகவோ அதைக் கேட்டார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க சாமி. பேச்சு வருமுங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பூசாரி வந்துவிட்டார். கோயில் முகமூடியோடு துணைக்கு வந்தவர் அவர். "ஏனுங்க, உங்களுக்கு நல்லாருக்குதுங்களா? அனுமாரு பிரம்மச்சாரி தெய்வமுங்க. அவருகிட்ட வந்து மாப்ள விசாரிக்கறீங்க" என்று தறிக்காரரைக் கையைப் பிடித்து அழைத்துப் போய்விட்டார்.

அறுபதுகளின் கடைசியில் ஒரு பங்குனி மாதம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வெயில் என்றால் அப்படி ஒரு வெயில்.

வாய் திறக்காத மாப்பிள்ளை

பேச்சு வருமா என்று ஒரு மனிதர் ஏன் கேட்க வேண்டும் என்று தோன்றலாம். அதற்கு முன்னால் எனக்கு இரண்டு இடம் பார்த்து, இரண்டும் தட்டிப்போயிருந்தன.

முதல் இடம் காங்கேயம் பக்கம். பெண்ணின் பெரியப்பா என்னிடம், "கம்பெனில என்ன வேலைங்க தம்பி?" என்று கேட்டார். நான் கேசரித் தட்டைப் பார்த்தேன். கேட்டதையே மறுபடியும் கேட்டார். கேசரியில் முந்திரிப்பருப்பு எத்தனை என்று எண்ணிக்கொண்டிருந்தேன். வீடு திரும்பிய பிறகு தகவல் வந்தது: "மாப்ளைக்குக் காது கேக்காதுங்கறத மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்க."

இரண்டாவது சோமனூர். அவர்களுக்கு யாரோ முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறார்கள். வீட்டில் இருந்த அத்தனை பேரும் என் காதுக்குப் பக்கத்தில் வந்து, உரக்க, நிறுத்தி நிறுத்திப் பேசினார்கள். இருந்த கொஞ்சநஞ்சத் தைரியமும் போய்விட்டது. எல்லாக் கேள்விக்கும் என் அம்மாவே பதில் சொன்னாள். "பையன் அம்மா நல்லாப் பேசறாங்க. ஆனா எங்க புள்ள பையனோடதானுங்க குடும்பம் நடத்தோணும்" என்று அவர்களும் அனுப்பிவிட்டார்கள்.

எனக்குக் காதும் கேட்கும், பேச்சும் வரும். ஆள் முகத்தைப் பார்த்தால் தொண்டை அடைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நின்ற மறுவாரமே பனியன் கம்பெனி. நிட்டிங் மெஷின் ஓடும் அறையில் பேசுவதற்கு வழியும் இல்லை, தேவையும் இல்லை. நூல் அறுந்தால் ஒரு விரல், ஊசி உடைந்தால் இரண்டு விரல், டீ வந்தால் கட்டைவிரல். அங்கே நான் ஊமை என்று யாருமே நினைத்ததில்லை. எல்லோருமே அப்படித்தான்.

மூன்றாவது இடம்தான் சாமளாபுரம். பார்த்துச் சொன்னவர் எங்கள் போர்மேன் மாரப்பண்ணன். கம்பெனி நாடகத்துக்கு வாத்தியாரும் அவர்தான். இதுவும் தட்டிப்போனால் இனிமேல் யாரும் எனக்கு இடம் சொல்ல மாட்டார்கள் என்று அம்மா அழுத வாரம் அது.

சீதைக்கு மீசை

நாடகம் பெரியவர்களுக்கானது அல்ல. எங்கள் கம்பெனி ஆட்களின் பிள்ளைகளுக்கும் சுற்றியுள்ள வீதிப் பிள்ளைகளுக்கும் வருஷத்துக்கு ஒரு தரம் ராமாயணத்தில் ஒரு பகுதியைப் போட்டுக் காட்டுவோம். சலவைப் பட்டறைக்காரர்கள் துணி காயப்போடும் மைதானம்தான் அரங்கம். ஞாயிற்றுக்கிழமை அங்கே துணி இருக்காது.

ஒரு வருஷம் சீதா கல்யாணம் போட்டோம். சீதையாக நடித்த பேக்கிங் செக்‌ஷன் ஆள் கடைசி நேரத்தில் மீசையை எடுக்க மறுத்துவிட்டார். அப்பா செத்தால்தான் எடுப்பாராம். முந்தானையால் மூக்குவரை மூடிக்கொண்டு மாலை போட்டார். ராமர் வில்லை ஒடிப்பதற்குள் பிள்ளைகள் பாதிப்பேர் கோலி விளையாடப் போய்விட்டார்கள்.

அதற்கு மறுவருஷம் இலங்கையை எரித்தோம். ஒரு பிள்ளை அசையவில்லை. அதிலிருந்து வருஷா வருஷம் அதே கதைதான்.

இந்தப் பத்திரிகையை வீட்டுப் பெரியவர்களிடமிருந்து பிடுங்கிப் படிக்கிற சின்னப் பிள்ளைகளுக்காக அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் அடுத்த பத்திக்குப் போகலாம். அனுமார் கடலைத் தாண்டி இலங்கைக்குப் போனார். அசோகவனத்தில் சீதையைக் கண்டார். வந்ததற்கு அடையாளமாகத் தோட்டத்தை ஒரு கை பார்த்தார். அரக்கர்கள் அவரைக் கட்டி இழுத்துப்போய் ராவணன் முன்னால் நிறுத்தினார்கள். தூதன் என்று சொல்லியும் ராவணன் ஆசனம் தரவில்லை. அனுமார் தன் வாலையே நீட்டி, சுருட்டி, சுருளுக்கு மேல் சுருள் வைத்து, சிம்மாசனத்தைவிட உயரமாக உட்கார்ந்தார். ராவணனுக்குக் கோபம். வாலில் துணியைச் சுற்றித் தீ வை என்றான். துணி சுற்றச் சுற்ற வால் வளர்ந்தது. இலங்கையில் இருந்த துணியெல்லாம் தீர்ந்துபோயிற்று. பிறகு எண்ணெய் ஊற்றித் தீ வைத்தார்கள். அந்தத் தீயாலேயே அனுமார் ஊரை எரித்துவிட்டு, வாலைக் கடலில் நனைத்து அணைத்துக்கொண்டு, வந்த வழியே போனார்.

துணி தீர்ந்துபோகும் இடம் வரும்போதெல்லாம் மாரப்பண்ணன் பெருமூச்சு விடுவார். "அன்னிக்கு நம்மூரு மட்டும் இருந்திருந்தா எத்தன ஆர்டருங்க" என்பார்.

அனுமார் வேஷம் எனக்கு வந்தது முகமூடியால்தான். ஒத்திகையில் யாரும் இல்லாத நேரம் அதை எடுத்து விளையாட்டாக முகத்தில் வைத்துப் பார்த்தேன். உள்ளே இருட்டு. கண்ணுக்கு இரண்டு ஓட்டை. யாரும் என்னைப் பார்க்கவில்லை என்று ஆனவுடன் தொண்டை திறந்துகொண்டது. "அடே ராவணா" என்று ஒரு சத்தம் போட்டேன். பக்கத்துக் கம்பெனியிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள்.

அந்த முகமூடி ஆற்றோரத்து ஆஞ்சநேயர் கோயிலுக்குச் சொந்தம். அதற்கு ஒரு கட்டு உண்டு. ஒருவர் முகத்தில் கட்டிவிட்டால், இலங்கை எரிந்து, கற்பூரம் காட்டிய பிறகுதான் அவிழ்க்கலாம். அதுவரை உள்ளே இருப்பவன் சாமி. ராவணன்கூட மேடைக்குப் பின்னால் என்னை "வாங்க சாமி, போங்க சாமி" என்றுதான் கூப்பிடுவார்.

பாலாட்டம் ஒரு வால்

அந்த வருஷம் வால் புதிது. பழைய வாலை எலி கடித்துவிட்டது.

வால் செய்வது எங்கள் ஊரில் மிகச் சுலபம். கைக்குழந்தைப் பனியனுக்கான சின்ன மெஷினில் துணி குழாயாகவே வந்து விழும். தைக்க வேண்டியதில்லை. வேண்டிய நீளம் ஓட்டி, உள்ளே பனியன் வேஸ்ட்டைத் திணித்தால் வால். இழுத்தால் இன்னும் நீளும். இந்த வசதி வால்மீகி காலத்தில் கிடையாது.

வாலை நானே ஓட்டினேன். ஓட்டிய துணியை ராவணன் வாங்கிக்கொண்டார். ராவணன் என்பது கட்டிங் மாஸ்டர் துரைசாமி. அவர் எங்கள் கம்பெனிக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. நல்ல உயரம், கனத்த குரல், எதையும் சுத்தமாகச் செய்கிறவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாலைக் கொண்டுவந்து தந்தபோது அது பாலாட்டம் வெள்ளையாக இருந்தது. பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று எனக்கும் சந்தோஷம்தான். அதற்கு மேல் யோசிக்கவில்லை. வாலின் நுனியில் மட்டும் கம்பியில் துணி சுற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்திருந்தோம்.

மேடைக்கு ஒரு பக்கம் இலங்கை. பனியன் அனுப்பும் அட்டைப்பெட்டிகளை அடுக்கி, கோபுரம் வரைந்து, ஜன்னல் வெட்டி வைத்திருந்தார்கள். எதிரில் பிள்ளைகள் கூட்டம். கூட்டத்துக்கு முன்னால் ஒரே ஒரு பெஞ்சு. அதில் சாமளாபுரத்தார், பக்கத்தில் மாரப்பண்ணன்.

பெண்ணையும் அழைத்து வந்திருந்தார். மாப்பிள்ளை பார்க்கப் பெண்ணை அழைத்து வரும் வழக்கம் எங்களிடம் கிடையாது. ஆகவே அவள் நாடகம் பார்க்க வந்திருப்பதாகக் கணக்கு. பெயர் சரசு. பெஞ்சில் உட்காராமல் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, யார் வீட்டுக் குழந்தையையோ மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

முகமூடிக்குள் இருக்கிறவனுக்கு ஒரு சௌகரியம். யாரை வேண்டுமானாலும் பார்க்கலாம். நான் பார்த்தேன். அதுவரை எனக்குக் கல்யாணம் என்றால் அம்மாவின் கவலை. அந்தக் கணத்திலிருந்து அது என் கவலை ஆயிற்று.

ராவணன் சபை

"தூதனுக்கு ஆசனம் தராத சபையா இது? என் ஆசனத்தை நானே போட்டுக்கொள்கிறேன்" என்று கர்ஜித்து, வாலைச் சுருட்டி ஏறி உட்கார்ந்தேன். வேஸ்ட் திணித்த வால் அல்லவா, மெல்ல மெல்ல அமுங்கியது. ராவணனைவிட உயரமாக உட்கார்ந்தவன், வசனம் முடிவதற்குள் அவர் முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டேன்.

"அனுமாரு எறங்கறாரு, அனுமாரு எறங்கறாரு" என்று பிள்ளைகள் கத்தினார்கள். சரசு சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே ராவணனை இன்னும் இரண்டு திட்டு திட்டினேன், வசனத்தில் இல்லாதது.

பெஞ்சில் நடந்த பேச்சு எனக்கு நன்றாகவே கேட்டது.

"ஆருங்க அது பேசறது?"

"நம்ம பையந்தானுங்க" என்றார் மாரப்பண்ணன், பெருமையாக.

"உள்ளுக்குள்ள வேற ஆள வெச்சுப் பேச வெக்கறீங்களா?"

"ஏனுங்க, ஒரு மொகமூடிக்குள்ள ரண்டு பேரு எப்பிடிங்க நிக்கறது?"

"சோமனூர்க்காரங்க சொன்னது வேறயா இருக்குதுங்களே. மொகமூடியக் கழட்டிட்டு என்ர கண்ணு முன்னால ஒரு வார்த்த பேசச் சொல்லுங்க, போதும். எங்களுக்குப் பொழுதோட பஸ்ஸுக்குப் போவோணும். அத உட்டா வேற இல்லீங்க."

"இலங்கை எரிஞ்சாத்தானுங்க கழட்டலாம். சித்த நேரம்."

"அப்பச் சுருக்கா எரிங்க."

அரக்கர்கள் வாலில் துணி சுற்றினார்கள். பிறகு எண்ணெய் ஊற்றும் கட்டம். எண்ணெய் என்பது மஞ்சள் கரைத்த தண்ணீர். குடம் குடமாக வாலில் ஊற்ற வேண்டும், பிள்ளைகள் ஒவ்வொரு குடத்துக்கும் கூச்சல் போட வேண்டும். வருஷா வருஷம் அப்படித்தான். ஊற்றிய தண்ணீர் வாலில் நிற்காமல் உருண்டு தரைக்குப் போய்விடும்.

அந்த வருஷம் தண்ணீர் தரைக்குப் போகவில்லை.

முதல் குடத்தில் இடுப்புக் கயிறு இறுகியது. இரண்டாவது குடத்தில் நான் பின்னால் சாய்ந்தேன். அதற்கடுத்ததில் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் இருந்தது. வால் பூசணிக்காய்போல் ஊதியது.

"மாஸ்டர்" என்று ராவணன் காதில் கிசுகிசுத்தேன், "வாலு கனக்குதுங்க. இத வெளுத்தீங்களா?"

"பின்ன? கோராவாவா மேடைக்கு அனுப்புவாங்க? என்ர கையத் தாண்டி ஒண்ணும் கோராவாப் போவாதுங்க சாமி."

எனக்கு விளங்கிவிட்டது. மெஷினிலிருந்து இறங்கிய கோராத் துணியில் பஞ்சின் எண்ணெய்ப்பசை அப்படியே இருக்கும். தண்ணீர் ஒட்டாது. வேகவைத்து வெளுத்த துணி எவ்வளவு கொடுத்தாலும் குடிக்கும். அதற்காகத்தான் பனியனையே வெளுக்கிறோம், வேர்வையைக் குடிக்க வேண்டுமே. அனுமார் வாலும் சுத்தமாகக் கடைக்குப் போகிற சரக்குபோல் சலவைப் பட்டறைக்குப் போய்வந்திருந்தது. எங்கள் ஊர் ஆளைத் தவிர வேறு யாருக்கும் வாலை வெளுக்கத் தோன்றியிருக்காது.

விளங்கி என்ன செய்ய? அரக்கர்களைத் தடுக்க அனுமாருக்கு வசனம் இல்லை.

நமத்த நுனி

ராவணன் தீப்பெட்டியை எடுத்து, "வையுங்கள் தீயை" என்று உறுமினார். ஓர் அரக்கன் குச்சியைக் கிழித்து நுனியில் வைத்தான். புஸ் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் வாலின் ஈரம் நுனிவரை ஏறியிருந்தது.

இன்னொரு குச்சி. இன்னொரு புஸ்.

"அண்ணா, வாலு ஒண்ணுக்குப் போவுது" என்றது முன்வரிசையில் ஒரு பிள்ளை. உண்மையாகவே அப்படித்தான் இருந்தது. மஞ்சள் தண்ணீர் வேறு.

ராவணன் சிம்மாசனத்திலிருந்து இறங்கி வந்தார். குனிந்து ஊதினார். குனிந்ததில் அட்டைத் தலைகளில் இரண்டு கழன்று விழுந்தன.

"ராவணா, ஊதாதே, அணைஞ்சு போயிரும்" என்று ஒரு பிள்ளை கத்தியது.

"எரிஞ்சாத்தானடா அணையறதுக்கு" என்றார் ராவணன் பிள்ளைகளைப் பார்த்து.

வால் நுனியைப் பிழிந்தார்கள். விசிறினார்கள். வெயிலில் காட்டினார்கள். பூசாரி கற்பூரத் தட்டோடு மேடை ஓரத்தில் நின்றுகொண்டே இருந்தார். மாரப்பண்ணன் அவரிடம் போய்க் கெஞ்சுவது கேட்டது.

"எரிஞ்ச மாதிரி நெனச்சுக்கிட்டு அவுத்துருங்களே."

"சாமிகிட்ட மாதிரிங்கறது கெடையாதுங்க. எரியோணும், கற்பூரம் காட்டோணும், அப்பறந்தான் அவுக்கோணும்."

சாமளாபுரத்தார் சூரியனைப் பார்த்தார். இடுப்பிலிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"வர்றமுங்க. இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாமுங்க."

எங்கள் பக்கத்தில் முகத்துக்கு நேராக இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மரியாதைக் குறைவு. இன்னொரு நாளைக்கு என்பார்கள். அந்த நாள் வராது என்பது சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். மாரப்பண்ணன் முகம் விழுந்துவிட்டது.

சரசு மடியிலிருந்த குழந்தையை இறக்கிவிட்டாள். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள். போகும்போது ஒரு தரம் திரும்பினாள். எல்லோரும் வாலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் என் முகமூடியில் கண்ணுக்கு இருந்த ஓட்டையைப் பார்த்தாள்.

இரண்டடி முன்னால் வந்தேன். வால் விடவில்லை. அதையும் இழுத்துக்கொண்டு மேடை விளிம்புக்கு வந்து, ராவணனை அதட்டிய அதே குரலில் கூப்பிட்டேன்.

"மாமா, போயிராதீங்க."

பெண் வீட்டாரை, வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்ளும்வரை ஐயா என்றோ அண்ணா என்றோதான் சொல்லலாம். மாமா என்று சொல்லிவிட்டால் சொன்னதுதான், திரும்ப வாங்க முடியாது. அதுவும் நாலு பேர் நடுவில். அதுவும் அனுமார்.

அவர் திரும்பினார். கை தானாகத் தோள் துண்டுக்குப் போயிற்று.

"என்னையுங்களா சாமி?"

"உங்களத்தானுங்க மாமா."

பூசாரி தட்டைத் தூக்கிக்கொண்டு, "பிரம்மச்சாரி தெய்வத்துக்கு மாமனாரா?" என்று கேட்டுக்கொண்டே ஓடி வந்தார். "எறங்கப்பா கீழ. இனி ஒரு நிமிசம் இந்தத் திருமொகம் உன்ர மேல இருந்தா ஊருக்கே ஆவாது." அவசர அவசரமாகக் கற்பூரத்தைக் காட்டினார். இலங்கை எரியவில்லை என்பது அவருக்கு மறந்தேபோயிற்று. கட்டை அவிழ்த்து, முகமூடியை என்னிடமிருந்து பிள்ளையை வாங்குவதுபோல் வாங்கிக்கொண்டு போனார்.

முகத்தில் காற்றுப் பட்டது. தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. வேர்வை கண்ணில் இறங்கியது. எதிரில் சாமளாபுரத்தார்.

"பேரு என்னங்க?"

தரையைப் பார்த்தேன். தரையில் மஞ்சள் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

மாரப்பண்ணன் வாயைத் திறந்தார். "நீங்க சொல்லாதீங்க" என்று சாமளாபுரத்தார் கையைக் காட்டி நிறுத்தினார். "நீங்களே சொல்லுங்க தம்பி. பேருதானுங்க."

வரவில்லை.

"ஏனுங்கப்பா" என்றாள் சரசு பின்னாலிருந்து. "மாமான்னு கூப்புட்டாரே, அது உங்களுக்குக் கேட்டுச்சா இல்லீங்களா?"

"கேட்டுச்சு கண்ணு."

"எனக்கும் கேட்டுச்சுங்க. பேர மெதுவாச் சொல்லட்டுமுங்க."

அவர் மகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இடுப்பிலிருந்து தரையில் நீண்டு கிடந்த வாலைப் பார்த்தார். பிறகு பெஞ்சில் போய் உட்கார்ந்தார். சாலையில் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

பிள்ளைகளுக்கு இதிலெல்லாம் அக்கறை இல்லை. "எரி, எரி" என்று தரையை அறைந்து கத்தினார்கள். துரைசாமி மாஸ்டர் பார்த்தார். மிச்சமிருந்த எட்டுத் தலையோடு மண்ணெண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு போய், தன் ஊருக்குத் தானே ஊற்றி, குச்சியைக் கிழித்துப் போட்டார். அட்டைப்பெட்டி இலங்கை ஒரே மூச்சில் பற்றிக்கொண்டது. மைதானமே எழுந்து நின்று கூச்சல் போட்டது. எல்லோர் முகமும் நெருப்பின் பக்கம் திரும்பியிருந்தது.

அந்தச் சத்தத்தில் நான் என் பெயரைச் சொன்னேன். மாமாவுக்குக் கேட்கவில்லை. சரசுவுக்குக் கேட்டது.